ஆதாரம் எங்கே அம்மணி?
(கேள்வி-பதில்)

மார்ச் 7, ஹேரியட் ஜேக்கப்ஸின் நினைவு நாள். 1897இல் வாஷிங்டனில் இறந்தார். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, தப்பி, தன் கதையைத் தானே எழுதியவர். அவரைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினோம். வந்த கேள்விகளில் பாதி ஆர்வம், பாதி சந்தேகம். இரண்டுக்கும் இந்த வாரம் இடம்.

கே: ஹேரியட் என்றால் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதிய அம்மையார்தானே?
– 'பழைய பேப்பர்', திருநெல்வேலி

ப: அவர் ஹேரியட் பீச்சர் ஸ்டோவ். வெள்ளைக்காரர், நாவலாசிரியர். ராவோடு ராவாக அடிமைகளை வடக்கே கூட்டிக்கொண்டு போனவர் ஹேரியட் டப்மன். நாம் பேசுவது மூன்றாவது ஹேரியட்டைப் பற்றி. வட கரோலினாவில் ஈடன்டன் என்ற சின்னத் துறைமுக ஊர்க்காரர். 1861இல் பாஸ்டனில் வெளிவந்த 'ஓர் அடிமைப் பெண்ணின் வாழ்க்கையில் சில சம்பவங்கள்' இவருடையது. அன்றைய அட்டையில் இவர் பெயரைத் தேடாதீர்கள், இருக்காது. உள்ளே கதை சொல்பவளின் பெயர் லிண்டா பிரென்ட்.

கே: பிறந்த தேதி ஒரு புத்தகத்தில் 1813, இன்னொன்றில் 1815. எது சரி?
– ஜாதகப் பிரியர், கும்பகோணம்

ப: ஆராய்ச்சியாளர்கள் 1813 என்கிறார்கள். கல்லறைக் கல் 1815 என்கிறது. அடிமைக் குழந்தை பிறந்த நேரத்தைக் குறித்துவைக்க அங்கே யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. விலை போகும் வயது வந்ததும் கணக்கில் சேர்த்தால் போதும்.

கே: அடிமைகளுக்கு எழுத்தறிவே கூடாது என்று சட்டம் இருந்ததாமே? இவருக்கு மட்டும் யார் சொல்லிக்கொடுத்தது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரை

ப: அம்மா இறந்தபோது ஹேரியட்டுக்கு ஆறு வயது. மார்கரெட் ஹார்னிப்லோ என்ற எஜமானி வளர்த்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தைக்கவும் கற்றுக்கொடுத்தார். அடிமைகளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதை வட கரோலினா 1830இல்தான் குற்றமாக்கியது. இது அதற்கு முந்தின கதை. நல்ல எஜமானி, சந்தேகமில்லை. 1825இல் அந்த அம்மாள் இறந்தார். விடுதலை எழுதிவைத்திருப்பார் என்று ஊரே நம்பியது. உயிலைப் பிரித்தால், பிற்சேர்க்கையில் தன் சகோதரியின் மகள், மூன்று வயது மேரி மடில்டாவுக்கு ஹேரியட்டை எழுதிவைத்திருந்தார். அதே வாசகத்தில் அடுத்ததாக இழுப்பறைப் பெட்டியும் தையல் மேசையும், உள்ளே இருக்கும் சாமான்களோடு. முதலில் பெண், பிறகு மேசை. வரிசையிலாவது மரியாதை காட்டினார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பிற்சேர்க்கையில் எஜமானியின் கையெழுத்து இல்லை. சாட்சிக் கையெழுத்து உண்டு. போட்டவர்களில் ஒருவர் டாக்டர் ஜேம்ஸ் நார்காம். மூன்று வயது மேரி மடில்டாவின் அப்பா! உயில் வழக்கு நடத்திப் பழகியவர்கள் இந்த இடத்தில் ஒரு புன்னகை பூத்துக்கொள்ளலாம்.

கே: அடிமை காசு சேர்க்கலாமா? பாட்டி பணக்காரி என்று எழுதியிருந்தீர்களே!
– வட்டிக் கணக்கு, காரைக்குடி

ப: பணக்காரி என்று எழுதவில்லை. கைத்தொழில்காரி என்றோம். பாட்டி மாலி ஹார்னிப்லோ பகலெல்லாம் எஜமான் வீட்டு வேலை முடித்து, நடுராத்திரியில் அடுப்பு மூட்டி பிஸ்கட் சுட்டு ஊரில் விற்றார். பிள்ளைகளை விலைக்கு வாங்கி விடுவிக்க வேண்டும் என்று சேர்த்த பணம் 300 டாலர். அதை அவருடைய எஜமானி (மார்கரெட்டின் அம்மா) கடன் கேட்டார், பாட்டி கொடுத்தார். எஜமானி இறந்ததும் பாட்டி பணத்தைக் கேட்கப் போனார். சொத்தை நிர்வகித்த மாப்பிள்ளை, அதே டாக்டர் நார்காம், சொத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை, சட்டப்படி தர முடியாது என்றார். அந்தப் பணத்தில் வாங்கிய வெள்ளி விளக்குத் தண்டை வைத்துக்கொள்ள மட்டும் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. அடிமையே சொத்து, சொத்துக்கு ஏது சொத்து? நீங்கள் வட்டியைக் கணக்குப் போடாதீர்கள். அசலையே யாரும் தரவில்லை.

இந்த 300ஐ நினைவில் வையுங்கள். மறுபடி வரும்.

பாட்டியையும் டாக்டர் ஏலத்துக்குக் கொண்டுவந்தார். ரகசியமாக விற்றுவிடத்தான் பார்த்தார். பாட்டி ஊரறிய ஏலக்கல்லில் ஏறி நின்றுகொண்டார். ஊரில் பாதிப் பேர் அவர் கை பிஸ்கட் தின்று வளர்ந்தவர்கள். ஒருவரும் விலை கேட்கவில்லை. கடைசியில் எழுபது வயதுக் கிழவி ஒருவர் 50 டாலர் என்றார். எதிர்க்குரல் இல்லை. எடுத்துக்கொண்டு போய் விடுதலைப் பத்திரம் கொடுத்தார்.

கே: புத்தகத்தைப் படித்தேன். டாக்டரிடமிருந்து தப்பிக்க வேறொரு வெள்ளைக்காரரோடு உறவு வைத்துக்கொண்டார் என்று அவரே எழுதுகிறார். இதை நினைவு நாளில் கொண்டாட வேண்டுமா?
– குடும்பத் தலைவர், ஈரோடு

ப: கேள்வி கேட்க உங்களுக்குத் தெம்பு வேண்டியிருந்தது. எழுத அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்திருக்கும் என்று பாருங்கள். உங்களைப் போன்றவர்கள் கேட்பார்கள் என்று தெரிந்துதான் பல வருடம் எழுதாமலே இருந்தார்.

நிலவரத்தைச் சொல்கிறேன். டாக்டர் அவரைவிட முப்பத்தைந்து வயது மூத்தவர். பெண்ணுக்குப் பதினைந்து வயதானதிலிருந்து காதில் ஓதிக்கொண்டே இருந்தார். ஹேரியட் காதலித்த சுதந்திரமான கருப்பினத் தச்சரைக் கல்யாணம் செய்ய அனுமதி கிடையாது. ஊருக்கு வெளியே நாலு மைலில் தனி வீடு கட்டித் தருகிறேன் என்றார் டாக்டர். அங்கே போனால் என்ன நடக்கும் என்பதற்கு ஹேரியட்டுக்கு ஜோசியர் தேவையில்லை. அப்போதுதான் சாமுவேல் ட்ரெட்வெல் சாயர் என்ற கல்யாணமாகாத வக்கீலைத் தேர்ந்தெடுத்தார். டாக்டர் ஆத்திரப்பட்டு விற்றுவிடுவார், சாயர் வாங்கிக்கொள்வார், பிறக்கும் பிள்ளைகளுக்காவது விடுதலை கிடைக்கும் என்று ஒரு கணக்கு. சிறு பெண் போட்ட கணக்கு, ஆனாலும் கணக்கு. டாக்டர் விற்கவில்லை. ஜோசப், லூயிசா என்று இரண்டு குழந்தைகள் பிறந்தன. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை, தகப்பன் யாராக இருந்தாலும் சரி. வர்ஜீனியா 1662லேயே எழுதிவைத்த சட்டம் அது. ஆக, வக்கீலின் பிள்ளைகள் டாக்டர் மகளின் சொத்து.

அடிமைப் பெண்ணை மற்றப் பெண்களை அளக்கும் கோலால் அளக்காதீர்கள் என்று புத்தகத்திலேயே வாசகரிடம் சொல்கிறார். வருத்தப்படவும் செய்கிறார், வாதாடவும் செய்கிறார். அந்த அத்தியாயத்துக்காகவே நான் கொண்டாடுவேன். அந்த டாக்டரைப் பற்றி நீங்கள் ஒரு கேள்வியும் அனுப்பவில்லை என்பதையும் கவனித்தேன்.

கே: ஏழு வருடம் பரணில் ஒளிந்திருந்தார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. அளவு சொல்ல முடியுமா?
– சிவில் இன்ஜினீயர், கோவை

ப: முடியும், அவரே சொல்லியிருக்கிறார். டாக்டரிடமிருந்து ஓடி அவர் ஒளிந்த இடம், பாட்டி வீட்டை ஒட்டிய சாமான் கொட்டகை. அதன் கூரைக்கும் பலகைத் தளத்துக்கும் நடுவே ஒன்பது அடி நீளம், ஏழடி அகலம். உயரம், கூரை சாயத் தொடங்கும் உச்சியில், மூன்றடி. வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்து பாருங்கள், உயரம் புரிந்துவிடும். எழுந்து நிற்க வழியில்லை. சரிவில் புரண்டு படுத்தால் கூரை இடிக்கும். காற்றில்லை, வெளிச்சமில்லை. எலிகள் உண்டு. தச்சு வேலை தெரிந்த மாமா, கீழேயிருந்த அலமாரிக்கு மேலே யாருக்கும் தெரியாத ஒரு கதவு வைத்தார். சாப்பாடும் பேச்சும் அந்த வழியாகத்தான்.

ஒருநாள் தலையில் ஏதோ இடித்தது. மாமா மறந்துவிட்டுப் போன, மரத்தில் துளை போடும் கைக்கருவி. புதையல் கிடைத்தது போல இருந்ததாம். தெருப் பக்கப் பலகையில் வரிசையாகத் துளைகள் போட்டு, இடையில் இருந்த மரத்தையும் குடைந்து, ஓர் அங்குலத்துக்கு ஓர் அங்குலம் ஜன்னல் செய்தார். பிள்ளைகளைப் பார்க்கலாம் என்று கண்ணை வைத்தார். தெருவில் முதலில் கண்ணில் பட்டது யார் தெரியுமா? டாக்டர். கதாசிரியர்கள் எழுதினால் 'ஓவர்' என்று நாமே அடித்துவிடும் காட்சி.

கோடையில் ஊசிமுனை அளவு சிவப்புப் பூச்சிகள் உடம்பெல்லாம் கடித்தன. மழையில் கூரை ஒழுகியது. இரண்டாவது குளிர்காலத்தில் கை கால் மரத்துப் பேச்சே நின்றுபோனது. அந்தத் துளை வெளிச்சத்தில் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் உடுப்பு தைத்தார். இது 1835இலிருந்து 1842 வரை. துல்லியமாக ஏழு வருடத்துக்குக் கொஞ்சம் குறைச்சல்.

கே: பிள்ளைகளுக்கு அம்மா மேலேதான் இருக்கிறாள் என்று தெரியாதா?
– இரண்டு பிள்ளைகளின் தாய், வேலூர்

ப: சொல்லவில்லை. ஆனால் மகன் ஒருநாள் மேலே இருமல் சத்தம் கேட்டிருக்கிறான். யாரிடமும் மூச்சுவிடவில்லை. விளையாட வரும் பிள்ளைகளை அந்தப் பக்கம் போகவிடாமல் நைசாக வேறு பக்கம் கூட்டிப்போவான். அம்மா வடக்கே கிளம்பும் முன்புதான் அம்மாவிடமே சொன்னான். லூயிசாவை வடக்கே அனுப்புவதற்கு முந்தின ராத்திரி, ஹேரியட் கீழே இறங்கிவந்து மகளைக் கட்டிக்கொண்டு படுத்தார். யாரிடமும் சொல்லாதே என்றார். சின்னப் பெண், சொல்லவில்லை. என் வீட்டில் ஒரு பிறந்தநாள் பரிசைக்கூட அரை நாள் ரகசியமாக வைக்க முடிந்ததில்லை.

கே: அந்த டாக்டர் அவ்வளவு முட்டாளா? பக்கத்திலேயே இருந்தவரை ஏழு வருடம் கண்டுபிடிக்கவில்லையா?
– 'துப்பறியும் சாம்பு'வின் விசிறி, திருச்சி

ப: முட்டாள் இல்லை, புத்திசாலி. அதனால்தான் ஏமாற்ற முடிந்தது. ஹேரியட்டின் கையில் 'நியூயார்க் ஹெரால்டு' பத்திரிகையின் ஒரு கிழிசல் கிடைத்தது. சாமான் மடித்து வந்த காகிதம். அதிலிருந்து நியூயார்க் தெருப் பெயர்களைப் பொறுக்கி எடுத்து, அங்கிருந்து எழுதுவதுபோல டாக்டருக்கு ஒரு கடிதம், பாட்டிக்கு ஒரு கடிதம். நம்பிக்கையான ஆள் மூலம் வடக்கே கொண்டுபோய் அங்கிருந்தே தபாலில் சேர்க்கச் செய்தார்.

டாக்டர் கடிதங்களோடு பாட்டி வீட்டுக்கு வந்தார். பாட்டிக்கு வந்த கடிதத்தைப் படித்துக் காட்டுகிறேன் என்று ஆரம்பித்தார். படித்தது அவரே தயாரித்த வேறு கடிதம்! ஊருக்குத் திரும்பி வர ஏங்குகிறேன், மாமாவை அனுப்பிக் கூட்டிவாருங்கள் என்று ஹேரியட் கெஞ்சுவதாக எழுதியிருந்தார். எழுதியவரோ கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தான் போட்ட பொய்யின் மேல் அவர் இன்னொரு பொய் போடுகிறார். நாடகம் பார்ப்பதுபோல இருந்தது என்கிறார் ஹேரியட். ஏழு வருடத்தில் கிடைத்த ஒரே இலவச டிக்கெட்.

கே: பரணில் இருந்ததற்குப் பதில் அன்றைக்கே வடக்கே ஓடியிருக்கலாமே?
– ஒரு வரி வாசகர், சேலம்

ப: பிள்ளைகள் தெற்கே இருந்தார்களே.

கே: அவரைப் பிடிக்க விளம்பரம் கொடுத்தார்களாமே?
– விளம்பர ஏஜென்ட், சிவகாசி

ப: கொடுத்தார் டாக்டர். 1835இல், நார்ஃபோக் நகரத்து 'அமெரிக்கன் பீக்கன்' பத்திரிகை. சன்மானம் 100 டாலர். சுருட்டை முடி, வாரினால் நேராகும், சரளமாகப் பேசுவாள், நல்ல தையற்காரி, நாகரிகமாக உடுத்தத் தெரிந்தவள். மேட்ரிமோனியல் பகுதியில் போட்டிருந்தால் வரன்கள் குவிந்திருக்கும். இந்தப் பெண் தெரிந்த காரணம் எதுவும் இல்லாமல், யாரும் சீண்டாமலே ஓடிப்போனாள் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். வருடக்கணக்கில் சீண்டியவர் கைப்பட எழுதியது.

கே: தப்பிய பிறகு சுதந்திரம்தானே? பிறகெதற்கு விலை கொடுத்து வாங்கினார்கள்?
– சட்டக் கல்லூரி மாணவர், சென்னை

ப: 1842இல் படகில் ஃபிலடெல்ஃபியா போய், அங்கிருந்து நியூயார்க் சேர்ந்தார். குழந்தை பார்க்கும் வேலை. தப்பியோடியவரைப் பிடித்து ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டம் 1850இல் கடுமையாக்கப்பட்டது. வடக்கேயும் பயந்து பயந்துதான் நடக்க வேண்டும். அந்த வருடமே டாக்டர் இறந்தார். 'அப்பாடா' என்று இருக்க முடியவில்லை. சொந்தக்காரி மகளாயிற்றே. 1852இல் மகளும் மாப்பிள்ளையும் நியூயார்க்கில் வந்து இறங்கினார்கள். ஹேரியட் வேலை செய்த வீட்டு அம்மாள் கார்னீலியா வில்லிஸ், பணத்தைக் கட்டி விவகாரத்தை முடித்தார். எவ்வளவு? 300 டாலர்! பாட்டிக்கு அந்தக் குடும்பம் தர வேண்டிய தொகை, பேத்தியின் பெயரில் அதே குடும்பத்துக்கே போய்ச் சேர்ந்தது.

ஹேரியட்டுக்கு இதில் நன்றியும் உண்டு, கசப்பும் உண்டு. தனக்குச் சொந்தமான தன்னைத் தானே ஏன் வாங்க வேண்டும் என்ற கசப்பு. சுதந்திர நகரமான நியூயார்க்கில், 19ஆம் நூற்றாண்டில் பெண்கள் சரக்காக விற்கப்பட்டதற்கு இந்த ரசீது பிற்காலத்தில் நல்ல ஆவணமாகும் என்று எழுதிவைத்தார். தன் வழக்குக்குத் தானே கோப்பு திறந்தவர்.

கே: குழந்தை பார்க்கும் வேலைக்காரிக்கு எழுத நேரம் எப்படிக் கிடைத்தது? எனக்கு ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடைப்பதில்லை.
– வளரும் எழுத்தாளர், தஞ்சாவூர்

ப: அவருக்கும் ஞாயிறு கிடைக்கவில்லை, ராத்திரி கிடைத்தது. வீட்டுக்காரர் நத்தானியல் பார்க்கர் வில்லிஸ், அன்றைய அமெரிக்காவில் மிக அதிகச் சம்பளம் வாங்கிய பத்திரிகை எழுத்தாளர். அடிமை முறையை எதிர்ப்பவர் இல்லை என்று ஹேரியட்டுக்குத் தெரியும், அதனால் அவரிடம் மூச்சுவிடவில்லை. பிள்ளைகள் தூங்கிய பின் ரகசியமாக எழுதினார். இன்றைக்கு அந்த மகாகனம் எழுதியதை யாரும் படிப்பதில்லை. அந்த வீட்டில் எழுதப்பட்டவற்றில் நின்றது ஆயா எழுதியது. சம்பளம் குறைவு என்று உங்கள் ஆசிரியர் மேல் கோபப்படும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவர் தானே எழுதுவதாக இல்லை. ஏமி போஸ்ட் என்ற தோழி தூண்டியதும், ஸ்டோவ் அம்மையார் எழுதித் தரட்டும் என்று கேட்டுப் பார்த்தார்கள். ஸ்டோவ் என்ன செய்தார்? கதை உண்மையா என்று விசாரித்து, கடிதத்தை நேரே வீட்டு எஜமானிக்கே அனுப்பிவிட்டார். குழந்தைகளின் தகப்பன் விவகாரம் ஹேரியட் அந்த அம்மாளிடம் அதுவரை சொல்லாத விஷயம். தன் கதையைத் தானே எழுதுவது என்று முடிவெடுத்தது அந்த அவமானத்தில்தான். இரண்டு பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திவாலாயின. கடைசியில் அச்சுத் தகடுகளைத் தானே வாங்கி, சொந்தச் செலவில் 1861 தொடக்கத்தில் வெளியிட்டார். மூன்று மாதத்தில் உள்நாட்டுப் போர் வெடித்தது. அப்புறம் யார் புத்தகம் படிக்கிறார்கள்!

கே: இது நாவல் என்று பேராசிரியர்களே சொன்னார்களாமே? நான் சொன்னால் மட்டும் கோபம் வருகிறதே!
– 'சந்தேகப் பிராணி', நாகர்கோவில்

ப: சொன்னார்கள். நூறு வருடத்துக்கு மேல் சொன்னார்கள். பதிப்பித்த லிடியா மரியா சைல்ட் என்ற வெள்ளைக்கார எழுத்தாளர்தான் கற்பனையாக எழுதினார் என்றும் நம்பினார்கள். சைல்ட் தன் கடிதமொன்றில், மொத்தப் புத்தகத்திலும் 50 சொற்களைக்கூட மாற்றியிருக்க மாட்டேன் என்று எழுதியிருந்தும் இந்தக் கதை. அடிமைகளின் வாழ்க்கை வரலாற்றை முன்னின்று எழுதிய ஜான் பிளாசிங்கேம்கூட 1972இல், இது மெலோடிராமா, நம்பத்தக்கதல்ல என்று ஒதுக்கினார். தப்பும் தவறுமாக எழுதியிருந்தால் படிக்காதவள் உளறல் என்பார்கள். நன்றாக எழுதினால் இவள் எழுதியிருக்க மாட்டாள் என்பார்கள். இரண்டு பக்கமும் அடி.

ஜீன் ஃபேகன் யெலின் என்ற பேராசிரியை உட்கார்ந்து தோண்டினார். ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஏமி போஸ்ட்டுக்கு ஹேரியட் எழுதிய கடிதங்கள் இருந்தன. எழுத்துப்பிழைகள் உண்டு, புள்ளி கிடையாது, ஆனால் குரல் அதே குரல். எனக்கு ருசியான பகுதி அடுத்தது. புத்தகத்தில் லிண்டாவைத் துரத்திய 'டாக்டர் ஃபிளின்ட்' யார் என்று தேடினால், வட கரோலினா ஆவணக் காப்பகத்தில் நார்காம் குடும்பக் காகிதங்கள் பத்திரமாக இருந்தன. உயில், விளம்பரம், கடிதங்கள். மேசையோடு மேசையாக எழுதிவைத்த அந்த உயில்தான் சாட்சி சொன்னது. அவள் பொய்க்காரி என்று சொல்லியிருக்கக்கூடிய குடும்பமே, அவள் சொன்னது நிஜம் என்று நிரூபிக்கும் காகிதங்களைப் பூச்சி அரிக்காமல் காப்பாற்றி வைத்திருந்தது. 1987இல் ஹார்வர்டு பதிப்பகம் யெலினின் பதிப்பை வெளியிட்டது. இன்றைக்கு அமெரிக்கக் கல்லூரிகளில் பாடம்.

உங்கள் மேல் கோபமில்லை, பிராணி. நீங்கள் சந்தேகப்படுங்கள். அந்த விளம்பரத்தையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கே: அதே காலத்தில் நம் நாட்டில்?
– வரலாற்று மாணவி, திருவாரூர்

ப: இருந்தது. ஹேரியட் படகேறிய மறு வருடம், 1843இல், கம்பெனி அரசு ஐந்தாம் சட்டம் கொண்டுவந்தது. அடிமை என்ற உரிமையை நீதிமன்றம் இனி ஏற்காது, அவ்வளவே. வைத்திருப்பது குற்றம் என்றாக 1862இல் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உங்கள் ஜில்லாப் பண்ணைகளுக்கு அந்தச் செய்தி எப்போது போய்ச் சேர்ந்தது என்று உங்கள் தாத்தாவைக் கேளுங்கள். பதில் எங்களுக்கும் எழுதுங்கள்.

கே: இதைச் சினிமாவாக எடுக்கலாமே?
– உதவி இயக்குநர், வடபழனி

ப: கதாநாயகி ஏழு வருடம் படுத்தே இருப்பார். கால்ஷீட் சுலபம், தயாரிப்பாளர் கிடைப்பது கஷ்டம். சாலமன் நார்த்தப்பின் 'பன்னிரண்டு வருட அடிமை' ஆஸ்கர் வாங்கியது. கால்சன் வைட்ஹெட்டின் 'அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு' நாவலில் கதாநாயகி வட கரோலினாவில் ஒரு பரணில் ஒளிந்திருப்பாள். ஹேரியட்டுக்கு வைத்த வணக்கம் அது.

கே: புத்தகத்துக்குப் பிறகு?
– 'அப்புறம்?', புதுச்சேரி

ப: போர் நடக்கும்போதே வர்ஜீனியாவின் அலெக்ஸாண்டிரியாவுக்குப் போய், தப்பி வந்து குவிந்த மக்களுக்கு உடுப்பும் மருந்தும் சேர்த்தார். 1864 ஜனவரியில் அவர் பெயரிலேயே ஒரு பள்ளிக்கூடம் திறந்தது. ஆசிரியைகளில் ஒருவர் லூயிசா. பிறகு மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜில் விடுதி நடத்தினார். அங்கேயே மவுன்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்.

கே: தம்பி ஒருவர் இருந்தாராமே? அவரும் எழுதினாரா?
– 'உடன்பிறப்பு', மானாமதுரை

ப: ஜான் ஜேக்கப்ஸ். ஹேரியட்டின் பிள்ளைகளின் தகப்பன் சாயர் இவரை விலைக்கு வாங்கி வைத்திருந்தார். நாடாளுமன்ற உறுப்பினரான சாயர் நியூயார்க் வந்தபோது, இனி நான் உங்களுடையவன் இல்லை என்று ஒரு சீட்டு எழுதிவைத்துவிட்டு ஓட்டலை விட்டு வெளியேறினார். ராஜினாமாக் கடிதத்துக்கு நல்ல மாதிரி. பிறகு தங்கம் தேடிக் கலிஃபோர்னியா, ஆஸ்திரேலியா என்று போனார். அங்கே 1855இல் சிட்னியின் 'எம்பயர்' பத்திரிகையில் தன் கதையை வெளியிட்டார். தலைப்பு, 'ஆறு லட்சம் கொடுங்கோலர்கள் ஆளும் அமெரிக்கா'. அக்காவைப் போல முகவுரை எழுத வெள்ளைக்காரரைத் தேடவில்லை, வாசகரிடம் இரக்கமும் கேட்கவில்லை. நேரே அமெரிக்க அரசியல் சட்டத்தின் சட்டையைப் பிடிக்கிறார்.

கே: அதையும் பொய் என்று சொன்னார்களா?
– மறுபடியும் 'சந்தேகப் பிராணி', நாகர்கோவில்

ப: இல்லை. 2016இல் ஓர் ஆய்வாளர் கண்ணில் படும்வரை அதை யாரும் படிக்கவே இல்லை. 2024இல்தான் புத்தகமாக வந்திருக்கிறது. உங்களுக்கு வேலை இருக்கிறது, ஆரம்பியுங்கள்.